ரிசல்ட் வரும் வரை: மலையகத்தில் நேர்ஸ் வேலை தேடும்போது

இறுதிப் பரீட்சை எழுதியாகிவிட்டது. பெறுபேறு வரவில்லை, நேர்சிங் கவுன்சில் பதிவு அதற்கும் பிறகுதான். இந்த இடைவெளியில் எங்கள் பிள்ளைகள் பலர் ரிசல்ட் வரட்டும் என்று வீட்டோடு இருந்துவிடுகிறார்கள். சிலர் கிடைத்த முதல் வேலைக்கு ஒரிஜினல் சான்றிதழ்களைக் கொடுத்துவிட்டு மாட்டிக்கொள்கிறார்கள். கண்டி, நுவரெலியா, பதுளைப் பக்கம் வேலை தேடியும், பிறகு வார்ட்டில் புதியவர்களைப் பழக்கியும் நாங்கள் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறோம்.

முதலில் பெயரைச் சரிபாருங்கள். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அதிகம் சிக்கல் வருவது இதில்தான். பிறப்புச் சான்றிதழில் லெட்சுமி, அடையாள அட்டையில் லெச்சுமி, உயர்தரச் சான்றிதழில் லக்ஷ்மி என்று இருக்கும். அப்பா பெயர் ஒன்றில் முன்னால், இன்னொன்றில் வெறும் இனிஷல். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சாதாரண தர, உயர்தரச் சான்றிதழ்கள், பாஸ்போட் இருந்தால் அதுவும் எல்லாவற்றையும் ஒரே மேசையில் பரப்பி, ஒவ்வொன்றிலும் உள்ள பெயரை எழுத்துப் பிசகாமல் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள். ஓரெழுத்து, இனிஷல் வித்தியாசம் என்றால், இரண்டு பெயரும் ஒரே ஆளைத்தான் குறிக்கும் என்ற சத்தியக்கடதாசியைச் சமாதான நீதவானிடம் ஒப்பமிட்டு வாங்கினால் உள்ளூர் வேலைக்குப் பெரும்பாலும் போதும். பிறப்புச் சான்றிதழிலேயே பிழை என்றால் பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் விண்ணப்பிக்க வேண்டும். அது இழுபடும், ஆகவே இப்போதே தொடங்குங்கள். பிறப்புச் சான்றிதழ், அடுத்து அடையாள அட்டை, கடைசியில் பாஸ்போட் என்ற வரிசையில் போங்கள். மாற்றிச் செய்தால் ஒரே வேலையை இரண்டு தடவை செய்ய நேரும்.

டிப்ளோமாவோ பட்டமோ, அந்தச் சான்றிதழ் அச்சாகும் முன்பே படித்த இடத்தின் அலுவலகத்தில் உங்கள் பெயர் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். அச்சான பிறகு திருத்துவது பெரும்பாடு. வளைகுடா நாடுகளுக்குப் போக நினைப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். டேட்டாஃப்ளோ (சான்றிதழ்களைச் சரிபார்க்கும் நிறுவனம்) போன்ற சரிபார்ப்பில் நீங்கள் கொடுக்கும் கொப்பியை மட்டும் பார்ப்பதில்லை, படித்த இடத்திடமே நேரடியாகக் கேட்பார்கள். அங்குள்ள பதிவேட்டில் ஒரு பெயரும் பாஸ்போட்டில் இன்னொரு பெயரும் இருந்தால் கோப்பு அங்கேயே நின்றுவிடும்.

பெயர் சரியானால் மற்றக் காகிதங்கள் சுலபம். பயிற்சி முடிந்தது, பரீட்சை எழுதிய மாதம் இது, பெறுபேறு நிலுவையில் உள்ளது என்று கல்லூரியின் கடிதம் ஒன்று வேண்டும். எந்த வார்ட்டில் எத்தனை மணித்தியாலம் பயிற்சி என்ற விபரமும் அதில் இருந்தால் நல்லது. கிராம உத்தியோகத்தர் சான்றிதழைப் பிரதேச செயலாளரின் மேலொப்பத்தோடு எடுங்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி அட்டையைத் தேடி வையுங்கள். 0, 1, 6 மாதம் என்று 3 ஊசி. மூன்றாவது போட்டு ஒன்றிரண்டு மாதம் கழித்து இரத்தத்தில் அன்டிபொடி பார்த்தால் லீற்றருக்கு 10 சர்வதேச அலகு, அதாவது மில்லிலீற்றருக்கு 10 மில்லி அலகாவது இருக்க வேண்டும். மூன்றாவது ஊசியை விட்டவர்கள் நிறையப் பேர். முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை, விட்டதைப் போட்டால் போதும்.

சீ.வி. இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். "பதிவு பெற்ற தாதி" என்று எழுதவே எழுதாதீர்கள். இலங்கையில் தாதியர் பதிவுக்கு 1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. இல்லாத பதிவைச் சொல்லி வேலைக்குச் சேர்வது உங்களுக்கும் ஆபத்து, நோயாளிக்கும் ஆபத்து. "இறுதிப் பரீட்சை எழுதியாயிற்று, பெறுபேறு எதிர்பார்ப்பில்" என்று நேராக எழுதி, ட்ரெயினி அல்லது நேர்சிங் உதவியாளர் பதவிக்கு விண்ணப்பியுங்கள். டிக்கோயாவுக்கோ நாவலப்பிட்டிக்கோ நேரில் போய் அரச ஆஸ்பத்திரியில் விண்ணப்பம் கொடுப்பதில் பயனில்லை. அரச தாதியர் சேவைக்கு ஆள் எடுப்பது சுகாதார அமைச்சு. வர்த்தமானியையும் அமைச்சின் இணையத்தளத்தையும் பாருங்கள். இடைக்கால வேலை கிடைப்பது தனியார் ஆஸ்பத்திரிகளில், டிஸ்பென்சரிகளில், முதியோர் இல்லங்களில், வீட்டுப் பராமரிப்பில்.

நேர்முகத் தேர்வில் கணக்கு கேட்பார்கள். 1 லீற்றர் சேலைன் 8 மணித்தியாலத்தில் ஏற வேண்டும், நிமிடத்துக்கு எத்தனை துளி? 20 துளி செட் (ஒரு மில்லிலீற்றர் 20 துளியாக விழும் ட்ரிப் குழாய்) என்றால் 1000 ஐ 20 ஆல் பெருக்கி 480 நிமிடத்தால் வகுக்க, 42 வரும். செட்டின் பைக்கட்டைப் பார்க்காமல் 20 என்றே எடுப்பதுதான் வழக்கமான பிழை. 15 துளி செட்டில் அதே சேலைனுக்கு 31 தான். குழந்தைகளுக்கான 60 துளி செட்டில் மணிக்கு எத்தனை மில்லிலீற்றரோ நிமிடத்துக்கு அத்தனை துளி. ஜென்டாமைசின் 2 மில்லிலீற்றரில் 80 மில்லிகிராம் இருந்தால் 60 மில்லிகிராமுக்கு ஒன்றரை மில்லிலீற்றர் என்பது போன்ற கணக்குகளைக் கல்குலேட்டர் இல்லாமல் போட்டுப் பழகுங்கள். பொட்டாசியம் குளோரைடை ஐதாக்காமல் நரம்பில் ஏற்றவே கூடாது என்பதையும் கேட்பார்கள்.

மலையகத்தில் வேலை செய்யப் போகிறவர்கள் குளவி கொட்டினால் செய்ய வேண்டியதை நன்றாகப் படித்துக்கொண்டு போங்கள். கொழுந்து பறிக்கும் இடத்திலிருந்து மூன்று நான்கு பேரை ஒரே லொறியில் கொண்டுவருவார்கள். ஒருவருக்கு உதடு வீங்கி, மூச்சு இழுத்து, பிரஷர் இறங்கியிருக்கும். அங்கே முதல் மருந்து அட்ரினலின்: பெரியவருக்கு ஆயிரத்துக்கு ஒன்று செறிவில் அரை மில்லிலீற்றர், தொடையின் வெளிப்புறத் தசையில். ஆளைப் படுக்கவைத்துக் காலை உயர்த்தி ஒக்சிஜன் கொடுப்பது கூடவே நடக்க வேண்டும். மூச்சு முட்டினால் நிமிர்ந்து இருக்க விடலாம், எழுந்து நடக்க விடக்கூடாது. தேறாவிட்டால் 5 நிமிடத்தில் இன்னொரு டோஸ். புதியவர்கள் பலர் ஹைட்ரோகோர்ட்டிசோன் என்ற ஸ்டீரொயிட்டையும் பிரிட்டோன் (Piriton) என்ற ஒவ்வாமை மருந்தையும் முதலில் சொல்வார்கள். அவை மெதுவாக வேலை செய்பவை, அடைக்கும் மூச்சுக்குழாயை அந்த நேரத்தில் திறக்காது. இதைக் காரணத்தோடு சொல்பவரை எந்த மேட்ரனும் கவனிப்பார்.

சிங்களம் தடுமாறினால் அதை மறைக்காதீர்கள். டியூட்டி மாறும்போது ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்லுமளவுக்கு, பெயர், என்ன வருத்தம், இன்று என்ன செய்தோம், இனி என்ன பார்க்க வேண்டும் என்ற வரிசையில் பழகிக்கொள்ளுங்கள். தோட்டத்திலிருந்து வரும் அம்மாமாரிடம் தமிழில் விசாரித்து பெட் ஹெட் டிக்கட்டில் (நோயாளியின் சிகிச்சைக் குறிப்பேடு) ஆங்கிலத்தில் எழுதத் தெரிந்தவர் இங்கே வார்ட்டுக்குப் பெரிய பலம். நேர்முகத்தில் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

வேலை கிடைத்தால் நியமனக் கடிதத்தை உட்கார்ந்து வாசியுங்கள். பதவிப் பெயர், டியூட்டி மணித்தியாலம், ஓவர்டைம், பொண்ட் (விலகாமல் வேலை செய்ய ஒப்புக்கொள்ளும் காலம்) எத்தனை வருடம், இடையில் விட்டால் கட்ட வேண்டிய தொகை எல்லாம் எழுத்தில் வேண்டும். சேமலாப நிதிக்கு உங்களிடமிருந்து 8 வீதம், நிறுவனத்திடமிருந்து 12 வீதம், நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு நிறுவனம் 3 வீதம். இவை எந்த மாதத்திலிருந்து என்று கேளுங்கள். ஒரிஜினல்களைக் காட்டுங்கள், உறுதிப்படுத்திய கொப்பியை மட்டும் கொடுத்துவிட்டு வாருங்கள். "பத்திரமாக வைத்திருப்போம்" என்றால், அவை அடுத்த விண்ணப்பத்துக்குத் தேவை என்று மரியாதையாகச் சொல்லலாம்.

இரவு டியூட்டியை மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத்திலிருந்து போய்வந்து செய்ய முடியாது. மழைக்காலத்தில் மண் சரிந்தால் பகலிலேயே பாதை மூடிவிடும். ஹொஸ்டல் உண்டா, வாடகையைச் சம்பளத்தில் பிடிப்பார்களா என்று சேரும் முன் கேளுங்கள்.

இதற்கிடையில் வெளிநாட்டு ஏஜென்சிக்காரர் வருவார். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அழைத்து, அனுமதிப்பத்திரம் இருக்கிறதா, அந்த வேலைக்கு அனுமதி எடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். அதற்கு முன் காசும் கொடுக்காதீர்கள், பாஸ்போட்டும் கொடுக்காதீர்கள்.

பெறுபேறு வந்த அன்றே அதன் கொப்பியை ஆஸ்பத்திரி அலுவலகத்தில் கொடுத்து, கொடுத்ததற்கு ஒப்பம் வாங்குங்கள். ஒரு பாடம் திரும்ப எழுத வேண்டியிருந்தாலும் நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள். கவுன்சில் பதிவு கிடைத்ததும் பதவி மாற்றத்தைத் திகதியோடு கடிதத்தில் கேட்டு வாங்குங்கள். வெளிநாட்டு லைசன்ஸ்களுக்குப் பதிவுக்குப் பிந்திய அனுபவத்தைக் கேட்கும் இடங்கள் உண்டு. ட்ரெயினியாக இருந்த காலமும் நேர்ஸாக இருந்த காலமும் சேவைச் சான்றிதழில் தனித்தனித் திகதியோடு, எந்த வார்ட், எத்தனை கட்டில் என்ற விபரத்தோடு இருக்க வேண்டும்.