30 ரூபாயை எந்தக் கணக்கில் எழுத?

எங்கள் பொருளாளர் கறாரான ஆள். சீட்டு இல்லாமல் ஒரு டீக்குக்கூடக் காசு பெயராது. 2024 டிசம்பர் கடைசியில் நான் நீட்டிய ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆதார் நகல், 30 ரூபாய். செயலாளரே, இதை எந்தத் தலைப்புல எழுதறதுங்க?" போர்வைக்குத் தலைப்பு உண்டு. அன்னதானத்துக்கு உண்டு, கண் முகாமுக்கு உண்டு. இதற்கு இல்லை.

கோவையில் செவ்வாய்க்கிழமை தோறும் கூடுகிற சேவைச் சங்கம் எங்களுடையது. ஏழு மணிக்குத் தலைவர் மணியடிப்பார். தமிழ்த்தாய் வாழ்த்து, வருகைப் பதிவு, பிறந்தநாள் காண்பவர்களுக்குக் கைதட்டல், லேட்டாக வந்தவர்களுக்கு அபராதம், விருந்தினர் பேச்சு, நாட்டுப்பண், சாப்பாடு. 1905-இல் சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர் தொடங்கிய சங்கம், உறுப்பினர்களின் அலுவலகங்களில் முறைவைத்துச் சுற்றிச் சுற்றிக் கூடியதால்தான் ரோட்டரி என்று பெயர் பெற்றது. நாங்கள் ரோட்டரி இல்லை. ஆனால் அதே அச்சில் வார்த்தவர்கள்தான். சுற்றுவது மட்டும் எங்களிடம் கிடையாது. அதே ஓட்டல், அதே ஏசி ஹால்.

மார்கழி பிறந்ததும் போர்வைத் தீர்மானம் வரும். ஆட்சேபணையே இருக்காது. அந்த வருடமும் ஐம்பது போர்வைகளோடு இரவு பத்து மணிக்கு காந்திபுரம் மேம்பாலத்தடிக்குப் போனோம். கடைசித் தூணருகே இருந்த பெரியவர் மட்டும் கையை நீட்டவில்லை.

"போன வாரமே ரெண்டு வந்துருச்சுங் தம்பி. வெச்சுக்கத்தான் எடமில்லீங்."

பிறகு அவரே கேட்டார்: "ஆதார் கார்டு வாங்கித் தர முடியுங்களா?" தூக்கத்தில் பையை யாரோ அடித்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆதார், ரேஷன் கார்டு, போன் எல்லாம் அதில்தான். முப்பது வருடம் உலோகம் வார்க்கும் பவுண்டரியில் வேலை. சம்சாரம் தவறினார். குடியிருந்த லைன் வீட்டை இடித்து அபார்ட்மென்ட் கட்டினார்கள். வேறு வீட்டுக்கு அட்வான்ஸ் புரட்ட முடியவில்லை. அவ்வளவுதான், மேம்பாலம்.

ஆதார் ஒரு மணி நேர வேலை என்று நினைத்தேன். நம்பர் தெரியாது, ஓடிபி வர போன் இல்லை. முதல் மையத்தில் "நம்பரோட வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். நம்பர் தெரியாதவர்களுக்கும் வழி இருக்கிறது: பெயரும் பின்கோடும் சொல்லி, கைரேகையோ கருவிழியோ வைத்தால் தேடி எடுத்துத் தருவார்கள். அதற்கு அப்போது வாங்கியதுதான் அந்த 30 ரூபாய். இரண்டாவது மையத்தில் பத்து விரலையும் வைத்துப் பார்த்தோம். மணலும் சூடும் தேய்த்த விரல்கள். ரேகை ஏறவே இல்லை. கருவிழியில்தான் ஆள் அகப்பட்டார். தாளில் அந்த லைன் வீட்டு முகவரியே வந்தது.

அடுத்து தங்குமிடம். இங்கே ஒரு உறுப்பினர் செவ்வாய்க் கூட்டத்தில், "அதெல்லாம் கவர்மென்ட் வேலைங்க, நமக்கெதுக்கு?" என்றார். கவர்மென்ட் வேலைதான். நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு வீடற்றோர் காப்பகம், இருபத்து நாலு மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இலேயே சொல்லியிருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே பத்து லட்சம் தாண்டிய மாநகராட்சி நம்முடையது. ஆனால் காப்பகம் இருப்பதும் ஒருவர் அதற்குள் போய்ச் சேருவதும் வேறு வேறு சங்கதி என்பது மறுநாள் புரிந்தது.

அவர் காலில் புண். "ஆஸ்பத்திரில காட்டி ஆத்திட்டு வாங்க" என்றது காப்பகம். ஆஸ்பத்திரியில் அட்மிஷன் போட்டார்கள், ஆனால் "கூட யாரு இருக்கா?" என்று கேட்டார்கள். யாருமில்லை என்றால், ரத்தப் பரிசோதனைக்குக் குழாயை எடுத்துக்கொண்டு ஓடுவது யார், இரவில் பாத்ரூமுக்குக் கைப்பிடித்துக் கூட்டிப் போவது யார்? நர்ஸைக் குறை சொல்ல மனசு வரவில்லை. அத்தனை கட்டிலுக்கும் அவர் ஒருவர்தான். வீடில்லாதவர்கள் ஏன் வார்டிலிருந்து பாதியில் காணாமல் போகிறார்கள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அடுத்த செவ்வாய், விருந்தினர் பேச்சை ஒத்திவைத்துவிட்டு முறை போட்டோம். எங்களிடம் வருகைப்பதிவு பெரிய கௌரவம். ஒரு கூட்டத்தைத் தவறவிட்டால் வேறொரு சங்கக் கூட்டத்துக்குப் போய் ஈடுகட்டுகிறவர்கள் உண்டு. வார்டில் ஓர் இரவு இருந்தால் ஒரு கூட்டத்துக்கு வந்ததாகக் கணக்கு என்று தலைவர் அறிவித்தார். விதிப்புத்தகத்தில் அப்படி இல்லை, யாரும் கேட்கவும் இல்லை. நகைக்கடைக்காரர் ஒருவர் கட்டிலடியில் நியூஸ்பேப்பர் விரித்துப் படுத்தார். "கவர்மென்ட் வேலை" என்றவர் இரண்டு இரவு இருந்தார். நான் ஒன்றுதான், இடுப்புவலி என்று சொல்லித் தப்பித்தேன். பதினோரு நாள்.

காப்பகத்தில் பெரியவருக்குப் பிடித்தது கட்டில் அல்ல, பூட்டும் சாவியும் உள்ள தகரப் பெட்டி. சாவியை அரைஞாண் கயிற்றில் கோத்துக்கொண்டார். முகவரி மாற்றத்துக்குக் காப்பகப் பொறுப்பாளரே ஆதாருக்கான படிவத்தில் சான்று எழுதிக் கையெழுத்துப் போடலாம். அதுவும் ஆனது. ஜனவரிக் கூட்டத்தில் இதைப் படம் போட்டுக் காட்டிக் கைதட்டல் வாங்கினேன்.

இரண்டே வாரத்தில் அவர் மறுபடி மேம்பாலத்தடியில். எனக்குக் கோபம்தான் வந்தது. "என்னங்கய்யா இது?" என்றேன்.

"நாலு மணிக்கு டீக்கடைக்குத் தண்ணி எடுத்து ஊத்தோணுங். அங்க ஆறு மணிக்குத்தான் கேட்டு தொறக்கறாங்க. வேலை போயிருச்சுன்னா?"

தினம் இருநூறு ரூபாயும் இரண்டு வேளை டீயும் தருகிற வேலை. அதை நாங்கள் யாரும் கேட்கவே இல்லை. காப்பகத்தில் பேசினேன். இரவுக் காவலாளிக்குத் தனியாக ஒரு கடிதம் வேண்டுமென்றார்கள். எங்கள் லெட்டர்ஹெட்டில், டீக்கடைக்காரரும் கையெழுத்துப் போட, எழுதிக் கொடுத்தேன். இப்போது மூன்றே முக்காலுக்குக் கேட்டு திறக்கிறது. சத்தத்தில் தூக்கம் கெடுகிறது என்று பக்கத்துக் கட்டில்காரர் புகார் கொடுத்திருக்கிறார்; அதற்காக வருகிற சனிக்கிழமை போகிறேன்.

முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய்க்கு எழுதிப் போட்டாகிவிட்டது, இன்னும் வரவில்லை. பொருளாளர் அந்த 30 ரூபாயை 'இதர செலவுகள்' என்று எழுதிக்கொண்டார்.