மடித்து வைத்த அட்டைப்பெட்டிகள்

"சொந்த வீடு எப்போது?" என்று கேட்கும் உறவினர்களுக்கு இனி ஒரு கணக்கைக் காட்டலாம் என்றிருக்கிறேன். 9 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்கு வீட்டுக்கடன் வாங்கினால், முதல் மாதத் தவணையில் ஏறத்தாழ 83 சதவீதம் வட்டிக்கே போய்விடுகிறது. 5 ஆண்டுகள் தவறாமல் கட்டிய பிறகும் அசலில் அடைந்திருப்பது 11 சதவீதம் அளவுதான். தவணையின் சரிபாதி அசலுக்குப் போகத் தொடங்குவதற்கே 12 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அத்தனை காலம் ஒரே வேலையில், ஒரே ஊரில் இருப்போம் என்று நம்பிக் கையெழுத்திட என் வயதினரில் எத்தனை பேருக்குத் துணிவு வரும்?

இடையில் வேறு ஊரில் நல்ல வேலை கிடைத்து வீட்டை விற்க நேர்ந்தால், பத்திரப்பதிவுக்குக் கொடுத்ததும் தரகும் சேர்ந்து அந்த 11 சதவீதத்தில் பெரும்பகுதியை விழுங்கிவிடக்கூடும். வாடகைக்கு இருப்பவருக்கோ பெரும்பாலும் முன்னறிவிப்பு ஒன்று போதும். வாடகையை வீண்செலவு என்பவர்கள் வட்டியை மட்டும் ஏன் சேமிப்பாகக் கருதுகிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை. (விலை ஏறினால் கணக்கு மாறும் என்பதை மறுக்கவில்லை, ஏறாத ஆண்டுகளும் உண்டு.)

வாடகை வாழ்க்கை சுகமானது என்று சொல்ல வரவில்லை. சுவரில் ஓர் ஆணி அடிக்கவும் அனுமதி கேட்க வேண்டும். உரிமையாளரின் மகனுக்குத் திருமணம் நிச்சயமானால் நாம் கிளம்ப வேண்டும். சென்ற முறை குடிபெயர்ந்தபோது வந்த அட்டைப்பெட்டிகளை மடித்துப் பரண்மேல் போட்டிருக்கிறேன். அவற்றின்மேல் எழுதிய 'சமையலறை', 'புத்தகம்' என்ற சொற்கள் இரண்டு முறை அடித்துத் திருத்தப்பட்டிருக்கின்றன. அவற்றைத் தூக்கியெறியச் சொல்லி அம்மா மாதம் ஒருமுறையாவது கேட்டுவிடுகிறார்.