கிளட்ச் லீவர் வாங்கும் முன் போல்ட் ஓட்டைக்கும் வயர் ஓட்டைக்கும் நடுவே அளந்து பாருங்கள்

தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு தினமும் ஜி.எஸ்.டி. ரோட்டில் போய் வருகிறேன். குரோம்பேட்டை, பல்லாவரம் நெரிசலில் முதல் கியரும் இரண்டாம் கியருமாக ஊர்ந்து வீடு சேர்ந்தால், இடது கைக் கட்டைவிரலுக்குக் கீழே சதை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். சாப்பாட்டுத் தட்டைத் தூக்கினால்கூட வலி. வண்டி 2012 பல்சர் 150, கிளட்ச் அவ்வளவு கனம். அப்பாவின் ஆர்எக்ஸ் 100-இல் ஓட்டப் பழகிய கை என்னுடையது. அதில் இரண்டு விரல் போதும், கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது என்பது விரல் நுனிக்கே தெரிந்துவிடும். அந்த உணர்வு திரும்ப வேண்டும் என்றுதான் ஜி.பி. ரோட்டுக்குப் போய் குட்டையான சி.என்.சி. (கம்ப்யூட்டர் மெஷினில் கடைந்த) லீவர் ஒரு ஜோடி வாங்கி மாட்டினேன்.

மாட்டியதும் கை லேசாகிவிட்டது, உண்மைதான். ஆனால் மறுநாள் சிக்னலில் கிளட்சை முழுக்கப் பிடித்திருந்தும் வண்டி மெல்ல முன்னால் நகர்ந்தது. நியூட்ரல் விழவே இல்லை. முதல் கியர் போட்டால் டடக்கென்று ஒரு சத்தம். சரி, வயர் தளர்ந்திருக்கிறது போல என்று அட்ஜஸ்டரைத் திருகி இருந்த பிளேயை (வயர் இறுகும் முன் லீவர் சும்மா ஆடும் இடைவெளியை) எல்லாம் எடுத்துவிட்டேன். அது இன்னும் பெரிய தப்பு. மேம்பாலம் ஏறும்போது இன்ஜின் சத்தம் மட்டும் கூடுகிறது, வேகம் கூடவில்லை. கிளட்ச் வழுக்குகிறது என்று அர்த்தம். அப்படியே ஓட்டியிருந்தால் பிளேட் கருகியிருக்கும்.

எங்கள் தெரு மெக்கானிக் அண்ணன் புது லீவரைக் கழற்றி, பழைய லீவரின் மேல் வைத்து, போல்ட் ஓட்டை இரண்டையும் ஒன்றாகப் பொருத்திப் பிடித்தார். "இங்க பாரு தம்பி" என்றார். வயர் நுனியில் இருக்கும் குண்டு (நிப்பிள்) உட்காரும் ஓட்டை இரண்டிலும் ஒரே இடத்தில் இல்லை. வெர்னியர் வைத்து அளந்தோம்: போல்ட் மையத்திலிருந்து நிப்பிள் மையம் வரை பழையதில் 27 மி.மீ., புதியதில் 24. மூன்றே மில்லிமீட்டர். ஆனால் லீவரை அதே அளவு மடக்கினாலும் வயர் ஒன்பதில் ஒரு பங்கு குறைவாகத்தான் இழுபடும், அதனால் பிளேட்டுகள் முழுசாகப் பிரியாது. கை லேசானதற்கும் நியூட்ரல் விழாததற்கும் காரணம் இந்த ஒரே அளவுதான். பிடி குட்டையானால் விரல் போல்ட்டுக்குப் பக்கத்தில் வந்து பாரம் கூடும். அதைச் சரிக்கட்ட நிப்பிள் ஓட்டையை உள்ளே தள்ளினால் இழுப்பு குறையும். இரண்டில் ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டும்.

அப்புறம் அவர் வயரைக் கழற்றினார். எனக்குக் கனமாக இருந்ததற்கு நிஜமான காரணம் அதற்குள்தான் இருந்தது. வயரின் மேல் முனையில் பிளாஸ்டிக் கவரைக் கூம்பு மாதிரி சுற்றிக் கட்டி, அதில் கொஞ்சம் இன்ஜின் ஆயில் ஊற்றி, ஆணியில் தொங்கவிட்டார். கால் மணி நேரம் கழித்துக் கீழ் முனையில் துரு கலந்த பழுப்புச் சொட்டு ஒன்று வந்தது, பிறகு இன்னொன்று. சொட்டு தெளிந்த பிறகு உள் கம்பியை இழுத்துப் பார்த்தேன், வழுக்கிக்கொண்டு போனது. நிப்பிள் பக்கத்தில் ஓர் இழைகூட அறுந்திருக்கவில்லை. ஒன்று அறுந்திருந்தாலும் புது வயர்தான் போட வேண்டும், நடுரோட்டில் அறுந்து நிற்பதைவிட அது மேல். லீவர் போல்ட்டைத் துடைத்துக் கொஞ்சம் கிரீஸ் தடவி மாட்டினார். அந்தப் பழைய லீவரே பாதி லேசாகிவிட்டது.

இப்போது வண்டியில் இருப்பது வேறொரு ஆஃப்டர் மார்க்கெட் (வண்டிக் கம்பெனி தராத) லீவர், 27 மி.மீ. அளந்து வாங்கியது, முழு நீளம். ஹேண்டிலிலிருந்து தூரத்தைக் கூட்டிக் குறைக்கும் அட்ஜஸ்டர் உண்டு. சின்னக் கை உள்ளவர்களுக்கு அது ரொம்ப உதவும். லீவர் நுனியில் 10 முதல் 15 மி.மீ. வரை பிளே வைத்திருக்கிறேன். போல்ட்டை இறுக்கிய பிறகும் லீவர் தானாகத் திரும்பி வருகிறதா என்று பாருங்கள். அட்ஜஸ்டரில் வயர் நுழையும் பிளவும் லாக் நட்டின் பிளவும் ஒரே கோட்டில் நிற்க விடாதீர்கள், வயர் வெளியே வந்துவிடும். கிளட்ச் சுவிட்ச் அழுந்துகிறதா என்பதையும் பார்க்க வேண்டும், இல்லையென்றால் கியரில் இருக்கும்போது செல்ஃப் எடுக்காது.

ஜோடியாக வாங்கினால் பிரேக் லீவரில்தான் அதிகக் கவனம் வேண்டும். அது மாஸ்டர் சிலிண்டர் (லீவர் பக்கத்தில் பிரேக் ஆயிலை அழுத்தும் பகுதி) பிஸ்டனைச் சும்மா இருக்கும்போதே லேசாக அழுத்திக்கொண்டிருந்தால், பிரேக் ஆயில் திரும்பிப் போகும் துளை அடைபட்டு, ஓட ஓடச் சூடேறி முன் சக்கரமே பிடித்துக்கொள்ளும். இது உயிர் போகிற விஷயம். மாட்டியதும் லீவரில் துளியாவது பிளே இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின்னால் ஒருவரை அழுத்தச் சொல்லி, முன் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். பிறகு பிரேக்கைப் பிடித்துப் பிடித்து பத்து நிமிடம் மெதுவாக ஓட்டிவிட்டு வந்து, சூடாக இருக்கும்போதே இன்னொரு தடவை சுற்றிப் பாருங்கள்.