சின்னம் இல்லாத வாக்குச்சீட்டு

"சின்னம் எங்கே, பிள்ளை?"

அம்மா கனேடியக் குடியுரிமை பெற்றபின் போடும் முதல் வாக்கு அது. 2023 ஜூன் 26, ரொறன்ரோ நகரின் ஸ்காபரோ பகுதியில் ஒரு வாக்களிப்பு நிலையம். உதவிக்கு வருவதாக உறுதிமொழி சொல்லிவிட்டு நானும் மறைப்புக்குள் நின்றேன்.

மூன்றாம் முறையாக வென்று சில மாதங்களே ஆகியிருந்த ரொறன்ரோ மேயர் ஜோன் ரோரி பெப்ரவரியில் பதவி விலகியதால் வந்த இடைத்தேர்தல். கதிரை காலி என்றதும் 102 பேர் போட்டிக்கு வந்துவிட்டார்கள். இருபத்தைந்து பேரின் கையொப்பம் கிடைத்தால் மனுப் போடலாம். தான் வென்றால் தன் நாயைக் கௌரவ மேயராக்குவதாகச் சொன்னவரும் அதில் ஒருவர். மாநகரத் தேர்தலில் கட்சி இல்லை. ஆகவே ஊரில் பழகிய கட்சிச் சின்னங்களான வீடும் இல்லை, சைக்கிளும் இல்லை. குடும்பப் பெயரின் அகரவரிசையில் வெறும் பெயர்கள், பாய் போல விரிந்த தாளில்.

யாழ்ப்பாணத்தில் மேயரைச் சபை உறுப்பினர்கள் தங்களுக்குள் தெரிவு செய்வார்கள். இங்கே நாமே நேரடியாகத் தெரிவு செய்ய வேண்டும் என்பது அம்மாவுக்குப் பிடித்திருந்தது. புள்ளடி போடக் கூடாது, வட்டத்தை நிரப்ப வேண்டும் என்பதுதான் பிடிக்கவில்லை. பெயரைத் தேடிக் கொடுப்போம் என்று குனிந்தேன். "விளங்கிவிட்டது. நீ தள்ளி நில்," என்றார்.

வெளியே காரில் அத்தான் காத்திருந்தார். சொந்த வீடு, ஒழுங்காகக் கட்டும் வரி, எல்லாம் இந்த நகரத்தில்தான். ஆனால் அவரிடம் நிரந்தர வதிவிட அட்டை மட்டுமே இருந்தது, வாக்கு இல்லை. அவருடைய முதலாளியோ குடியிருப்பது பக்கத்து நகரமான மார்க்கத்தில். ரொறன்ரோவில் ஒரு கடை சொந்தமாக இருப்பதாலும் அவர் குடியுரிமை பெற்றவர் என்பதாலும் அவருக்கு இங்கே வாக்கு உண்டு. நிரந்தர வதிவாளருக்கும் வாக்குரிமை கொடுங்கள் என்று நகரசபை 2013இலேயே மாகாண அரசைக் கேட்டது. கேட்டதோடு சரி.

அன்றிரவு ஒலிவியா சௌ சுமார் 37 விழுக்காட்டுடன் வென்றார். பதின்மூன்று வயதில் ஹொங்கொங்கிலிருந்து வந்தவர் என்று தொலைக்காட்சியில் சொன்னபோது அம்மா ஒலியைக் கூட்டினார்.

அடுத்த ஆண்டு வீட்டு வரி 9.5 விழுக்காடு ஏறியது. அத்தான் வரிச்சீட்டை மேசையில் வைத்தார்.

"பாருங்கள் மாமி, உங்கள் மேயர் செய்த வேலையை!"

அம்மா கண்ணாடியைத் தேடிப் போட்டு, தொகையைப் பார்த்தார்.

"நான் யாருக்குப் போட்டேன் என்று உமக்கு எப்படித் தெரியும், தம்பி?"

எனக்கும் இன்றுவரை தெரியாது.