தைராய்டு கண்ணுக்கு 12 வார ஸ்டீராய்டு டிரிப்: எங்கே சறுக்கும்?

"தைராய்டு நார்மல்னு ரிப்போர்ட் வந்துடுச்சு, கண்ணு மட்டும் ஏன் இன்னும் முட்டிக்கிட்டு நிக்குது?" கிரேவ்ஸ் நோய் (உடலின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தூண்டி, ஹார்மோனை அதிகமாகச் சுரக்க வைக்கும் நோய்) உள்ளவர்களிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி இது. கண்ணைக் கெடுப்பதில் தைராய்டு ஹார்மோனைவிடப் பெரிய பங்கு ஓர் எதிர்ப்பொருளுக்கு. தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்ஹெச் போய் உட்கார வேண்டிய ஏற்பியில், அதாவது செல்லின் மேலுள்ள இருக்கையில், அது உட்கார்ந்துகொள்கிறது. அந்த ஏற்பி கழுத்திலுள்ள தைராய்டில் மட்டுமல்ல, கண்குழியின் நார்த்திசு செல்களிலும் இருக்கிறது. கூடவே ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணியின் ஏற்பியும் கைகோத்துக்கொள்ள, அந்தச் செல்கள் ஹயலுரோனிக் அமிலம் என்ற பிசுபிசுப்பான பொருளைச் சுரந்து தள்ளுகின்றன. அது தண்ணீரை இழுத்து ஊறுகிறது. தசை தடிக்கிறது, கொழுப்பு கூடுகிறது. சுற்றிலும் எலும்பு, முன்பக்கம்தான் திறப்பு. கண் வேறெங்கே போகும்?

இந்த அழற்சியை அடக்கத்தான் ஸ்டீராய்டு டிரிப். அதைப் போடுமுன் அழற்சி இன்னும் கொதிக்கிறதா என்று பார்க்க வேண்டும். சும்மா இருக்கும்போதே கண்ணுக்குப் பின்னால் வலி, கண்ணை அசைத்தால் வலி, இமைச் சிவப்பு, இமை வீக்கம், வெள்ளைவிழிச் சிவப்பு, அதன்மேல் நீர் கோத்தல், கண்ணின் மூக்கோர முனையிலுள்ள சதை வீக்கம்: இந்த 7-இல் 3 அல்லது அதற்கு மேல் இருந்தால் நோய் உயிர்ப்போடு இருக்கிறது. அடங்கிப்போன கண்ணுக்கு ஸ்டீராய்டு வீண்.

மிதமானது முதல் கடுமையானது வரையான நிலைக்கு வழக்கமான கணக்கு: மீத்தைல்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு வாரம் 500 மி.கி. வீதம் 6 வாரம், பிறகு 250 மி.கி. வீதம் 6 வாரம், மொத்தம் 4.5 கிராம். ஒரு சுற்றில் 8 கிராமைத் தாண்டக் கூடாது, கல்லீரல் தாங்காது. அதனால் முதல் டிரிப்புக்கு முன்பே கல்லீரல் பரிசோதனை, ஹெபடைட்டிஸ் பி, சுகர், பிரஷர் நான்கும் கையில் இருக்க வேண்டும். வேகமாக ஏற்றினால் படபடப்பு வரும், அவசரப்பட வேண்டாம். காலையிலேயே போட்டுக்கொண்டால் இரவுத் தூக்கம் ஓரளவு தப்பும்.

அடிக்கடி நடக்கும் தவறு சுகரில்தான். மறுநாள் வெறும் வயிற்றில் பார்த்து "நார்மல்" என்று விட்டுவிடுகிறார்கள். ஸ்டீராய்டு ஏற்றும் சுகர் மதியத்துக்கு மேல்தான் எகிறும். டிரிப் அன்று மதியச் சாப்பாட்டுக்கு 2 மணி நேரம் கழித்தும், இரவுச் சாப்பாட்டுக்கு முன்பும் பாருங்கள்.

இன்னொன்று, தைராய்டு சுரப்பைக் குறைக்கும் மாத்திரையின் அளவு கூடிப்போய், ஹார்மோன் குறைந்து டிஎஸ்ஹெச் எகிறுவது. அப்போதும் கண் மோசமாகும், ஆகவே 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை. சிகரெட்டை விடாதவருக்கு இதே டிரிப் பாதிப் பலன்கூடத் தராமல் போகலாம். தூங்கும்போது தலை உயர்ந்திருக்க வேண்டும் என்று தலையணையை அடுக்கினால் கழுத்துதான் மடங்கும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்தால் காலையில் எழும்போது இருக்கும் கண் வீக்கம் குறையும். இமை மூடாவிட்டால் படுக்கும்முன் கண் களிம்பு போடுங்கள்.

வாரம் ஒருமுறை ஒரே ஜன்னலோரத்தில் நேராகவும் பக்கவாட்டிலும் போட்டோ எடுத்து, நோய்க்கு முந்தைய படத்தோடு ஒப்பிடுங்கள். 6-ஆம் வாரம் முன்னேற்றம் இல்லையென்றால் மருந்தை மாற்றுவது பற்றி டாக்டரிடம் பேச வேண்டும். ஒவ்வொரு கண்ணாக மூடி ஒரு சிவப்பு மூடியைப் பாருங்கள். ஒரு கண்ணில் சிவப்பு வெளிறித் தெரிந்தால் பார்வை நரம்பு நசுங்குகிறது என்று சந்தேகித்து, அன்றைக்கே போக வேண்டும்.

சிவப்பும் வீக்கமும் டிரிப்பில் வடியும்; முட்டிய கண் பெரிதாக உள்ளே போகாது. அதற்கு ஆபரேஷன்தான், அதுவும் நோய் அடங்கி 6 மாதம் அசையாமல் நின்ற பிறகு. முதலில் கண்குழி எலும்பை எடுத்து இடம் விடுவது, அடுத்து மாறுகண், கடைசியில் இமை. எலும்பை எடுத்தால் மாறுகண் அளவு மாறும், மாறுகண்ணைத் திருத்தினால் இமையின் உயரம் மாறும்.