மூன்று உறவுகளும் ஒரு தீயோவும்

ஸ்பானிய மொழித் தேர்வான டெலேயின் தொடக்க நிலை ஏ1. அதன் வாய்மொழித் தேர்வுக்கு முன் பத்து நிமிடம் தயாரிப்பு நேரம் தருவார்கள். குறிப்பு எழுதிக்கொள்ளலாம்; அதைப் பார்த்து அப்படியே ஒப்பிக்கக் கூடாது. குடும்பத்தைப் பற்றிப் பேசலாம் என்றதும் எனக்கு ஒரே நிம்மதி. அம்மா அப்பாவைத் தெரியாதா என்ன!

பாத்ரே (அப்பா), மாத்ரே (அம்மா) வரை வண்டி ஓடியது. அப்புறம் பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமன் மூவருக்கும் ஸ்பானியத்தில் ஒரே சொல் 'தீயோ' என்பதால், மூவரையும் 'மி தீயோ' (என் தீயோ) என்றே சொல்லிக்கொண்டு போனேன். மூவரும் ஒரே ஆள் என்று எண்ணிய தேர்வாளர், உங்கள் தீயோவுக்கு எத்தனை ஊரில் வீடு என்று கேட்டார். நீங்கள் 'எல் எர்மானோ மயோர் தே மி பாத்ரே', அதாவது அப்பாவின் அண்ணன் என்று விரித்தே சொல்லுங்கள். மயோர் போட்டால் அண்ணன், மெனோர் போட்டால் தம்பி.

ஒருவரை அறிமுகப்படுத்த 'லே ப்ரெசெந்தோ ஆ மி மாத்ரே', அதாவது 'உங்களுக்கு என் அம்மாவை அறிமுகப்படுத்துகிறேன்' என்பார்கள். நடுவில் நிற்கும் அந்த 'ஆ' எதற்கு என்று வகுப்பில் வெகுநாள் விழித்தேன். ஆங்கிலம் வழியாக யோசித்ததுதான் கோளாறு. 'வீடு பார்த்தேன்' என்போம். 'அண்ணன் பார்த்தேன்' என்போமா? அண்ணனைப் பார்த்தேன். நம் 'ஐ' செய்யும் வேலையைத்தான் அங்கே 'ஆ' செய்கிறது: மனிதருக்கு வேண்டும், வீட்டுக்கு வேண்டாம். 'எனக்கு இரண்டு அண்ணன்கள்' என்பதில் 'ஐ' இல்லை. அதையே ஸ்பானியத்தில் சொல்லும் 'தெங்கோ தோஸ் எர்மானோஸ்' என்பதிலும் 'ஆ' இல்லை. இது பிடிபட்ட அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

தொழிலைச் சொல்லும்போதும் தமிழே கைகொடுக்கும். 'என் அக்கா ஆசிரியை', 'மி எர்மானா எஸ் ப்ரொஃபெசோரா'. இடையில் 'ஒரு' என்னும் 'ஊனா' செருக வேண்டாம். பெற்றோர் இருவரையும் சேர்த்துச் சொல்ல 'மிஸ் பாத்ரேஸ்' போதும். இரண்டு அப்பாக்கள் என்று யாரும் நினைக்க மாட்டார்கள்.

வயதுக்கு 'எஸ்' (ஆங்கில 'இஸ்') வராது, 'தியெனே' (ஆங்கில 'ஹேஸ்') வரும். அதோடு வருடத்தைக் குறிக்கும் 'ஆஞோஸ்' என்ற சொல்லில் 'ஞ'வை அழுத்தி உச்சரியுங்கள். நம்மிடம் அதற்கென்றே எழுத்து இருக்கும்போது சோம்பல் கூடாது. 'ஆனோஸ்' என்றால் ஆசனவாய்கள். பாட்டிக்கு எண்பது வயது என்று பெருமையாகச் சொல்லப்போய் நான் சொன்னது அதைத்தான். தேர்வாளர் சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தார்.