சிறிய காருக்குப் பெரிய பிரேக் கிட்: வாங்கும் முன்

ஏபிஎஸ் (வீல் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) துடிக்கும் அளவுக்கு இப்போதைய பிரேக்கே பிடிக்கிறதா? அப்படியானால் பெரிய டிஸ்க் போட்டும் ஒரே பிடிப்பில் நிற்கும் தூரம் குறையாது. அதற்கு நல்ல டயர்தான் வழி. மலை இறக்கத்தில் சூடேறிப் பிடிப்பு மங்குவதற்கே இந்த கிட் மருந்து.

டிஸ்க்கை பேடுகளால் இறுக்கிப் பிடிப்பது காலிப்பர். அதில் பேடைத் தள்ளும் பிஸ்டன்களின் பரப்பைப் பழையதோடு ஒப்பிடுங்கள். ஃபிக்ஸ்டு காலிப்பரில் (இரு பக்கமும் பிஸ்டன் உள்ள, நகராத வகை) ஒரு பக்கப் பிஸ்டன்களை மட்டும் கணக்கிடணும். பரப்பு மிகக் கூடினால், அதே மாஸ்டர் சிலிண்டரில் (பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைத் தள்ளும் பாகம்) பெடல் ஆழமாக இறங்கும். முன்வீல் சீக்கிரம் பூட்டிக்கொள்ளும், பின் பிரேக் பாதி வேலைதான் செய்யும். ஆறு பிஸ்டன் வெறும் பகட்டு, நான்கே தாராளம்.

330 மிமீ டிஸ்க்குக்குப் பொதுவாக 17 அங்குல வீல் வேண்டும். ஆனால் காலிப்பர் பெரும்பாலும் உரசுவது ஸ்போக்கில். விற்பவரிடம் அளவுத்தாள் வாங்கி, அட்டையில் வெட்டி, வீலுக்குள் வைத்துப் பாருங்கள்.